புழங்கு பொருளும் புனைகலையும்

கலை என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே நம் மனக்கண்முன் வந்து நிற்பவை பெரும்பாலும் பெரியவை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானம், சோழர் காலத்துச் செப்புத் திருமேனி, அசந்தாக் குகையின் சுவரோவியம், அரங்கேறி ஆடும் நாட்டியம் என்று அவ்வரிசை நீளும். இவற்றைக் காணச் செல்ல வேண்டுமாயின் நாம் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். ஆகவே கலை என்பது அன்றாட வாழ்க்கையினின்றும் ஒதுங்கி, ஓய்வு கிடைத்தபோது மட்டும் சென்று காணத்தக்கதோர் உயர்பொருள் என்ற எண்ணம் நம்மையறியாமலே நம்முள் வேரூன்றிவிட்டது.

நம் முன்னோர் இவ்வாறு எண்ணினாரில்லை. கலைகள் அறுபத்துநான்கு என்று வழங்கும் பழைய வரிசையை எடுத்துப் பார்ப்போம். வாத்ஸ்யாயனர் தம் காமசூத்திரத்தில் தரும் பட்டியலிலே பாட்டும் ஆடலும் ஓவியமும் முதலில் இடம்பெறுகின்றன. அவற்றையடுத்து, அரிசியும் மலரும் கொண்டு தரையில் கோலம் அமைத்தல், மாலை தொடுத்தல், படுக்கை அமைத்தல், உணவு சமைத்தல், தையல் வேலை, தச்சு வேலை ஆகியனவும் அதே வரிசையில் வருகின்றன. வீணை வாசித்தலும் கலை. ஊசியில் நூல் கோத்துத் தைத்தலும் கலை. ஒன்று உயர்ந்த பந்தி, மற்றொன்று தாழ்ந்த பந்தி என்ற பாகுபாடு அங்கே இல்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இப்பாகுபாட்டை நாள்தோறும் எதிர்ப்படுகின்றோம். அரசாங்க ஏடுகளில் ‘நுண்கலை’ என்று ஒரு சொல்லும், ‘கைவினை’ என்று ஒரு சொல்லும் தனித்தனியே ஆளப்படுகின்றன. இவை இரண்டும் மேலைநாட்டுப் பகுப்பை ஒட்டி அண்மை நூற்றாண்டுகளில் நமக்கு வாய்த்தவை. இப்பகுப்பு இந்திய மரபுக்குப் பொருந்தாது என்பதை விரித்துரைத்தவர்களுள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. 1877ஆம் ஆண்டு கொழும்பில், ஈழத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த அவர், இந்தியக் கைவினைஞரைப் பற்றி 1909ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். ஊரின் தேவைக்காக உழைத்த கம்மியனும் குயவனும் தச்சனுமே நம் கலை மரபைத் தாங்கிய தூண்கள் என்பது அவர் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கருத்தாகும்.

இக்கருத்துக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் புனே நகரிலேயே இரண்டு கருவூலங்கள் உள்ளன. ஒன்று கண்ணாற் காண்பது. மற்றொன்று செவியாற் கேட்பது. புனே என்றவுடன் சனிவார் வாடாவையும் பேஷ்வாக்களின் படையெடுப்புகளையும் நினைப்பவர் பலர். அரசர் வரலாற்றுக்கு அந்நினைவுகள் வேண்டியவையே. ஆயினும் அரண்மனைக்கு வெளியே வாழ்ந்த ஆயிரமாயிரம் இல்லங்களின் வரலாற்றை அறிய வேண்டின், சுக்ரவார் பேட்டையில் பாஜிராவ் சாலையை ஒட்டியுள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

தினகர் கங்காதர கேல்கர் 1896ஆம் ஆண்டில் பிறந்தவர். ‘அஞ்ஞாதவாசி’ என்னும் புனைபெயரில் மராட்டி மொழியில் கவிதை எழுதியவர். குடும்பத் தொழிலோ மூக்குக்கண்ணாடி வாணிகம். ஏறத்தாழ 1920ஆம் ஆண்டளவில் அவர் பழம்பொருள்களைத் திரட்டத் தொடங்கினார். வாள், கேடயம் என்று தொடங்கிய வேட்கை, விரைவில் வேறு திசையில் திரும்பியது. பழைய குடும்பங்களின் வாடாக்களிலும், சிற்றூர்களின் வீடுகளிலும், அடுக்களையிலும் பரணிலும் கிடந்த பொருள்களை அவர் நாடலானார். அவருடைய துணைவியார் கமலாபாய் இம்முயற்சியில் அவருக்கு உறுதுணையாக நின்றார். இவர்களுடைய மகன் ராஜா இளஞ்சிறுவனாக இருக்கும்போதே மறைந்தான். அம்மகனின் பெயரையே தந்தையார் தம் தொகுப்புக்குச் சூட்டினார். 1975ஆம் ஆண்டில் தொகுப்பு முழுவதையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். 1990ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் திரட்டிய இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அங்கே சேர்ந்திருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 2,500 பொருள்களே ஒரு நேரத்தில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

அங்கே நாம் காண்பவை எவை? பாக்குவெட்டிகள், வெற்றிலைப் பெட்டிகள், மைக்கூடுகள், சீப்புகள், பூட்டுகள், விளக்குகள், தண்ணீர்ப் பாத்திரங்கள், தேங்காய் துருவிகள், சேவை பிழியும் கருவிகள், விளையாட்டுப் பொருள்கள், இசைக் கருவிகள், செதுக்கு வேலை நிறைந்த கதவுகள். இவற்றுள் எதுவும் காட்சிக்கென்று செய்யப்பட்டதன்று. ஒவ்வொன்றும் ஒரு கையில் புழங்கித் தேய்ந்தது.

பாக்குவெட்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் வேலை மிகவும் எளியது: கொட்டைப் பாக்கைச் சீவ வேண்டும். அதற்கு இரண்டு கைப்பிடியும் ஒரு கீலும் ஓர் அலகும் போதும். ஆனால் நம் கம்மியர் அவ்வளவில் அமைதி பெற்றாரில்லை. கைப்பிடி கிளியாயிற்று, குதிரையாயிற்று, ஆணும் பெண்ணும் இணைந்து நிற்கும் உருவமாயிற்று. மராட்டியர் இக்கருவியை ‘அடகித்தா’ என்பர். பாக்கைக் குறிக்கும் ‘அடிகெ’ என்னும் கன்னடச் சொல்லையும், ‘அடைக்காய்’ என்னும் நம் பழந்தமிழ்ச் சொல்லையும் அறிந்தவர்க்கு இப்பெயர் அயலாகத் தோன்றாது. வெற்றிலையும் பாக்கும் விருந்தோம்பலின் அடையாளம்; திருமணம் உறுதியாவது தாம்பூலம் மாற்றிய பின்னரே. அத்தகைய நிகழ்ச்சியிற் பயன்படும் கருவி வெறும் இரும்பாக இருத்தலாகாது என்று அக்கால மக்கள் கருதினர் போலும்.

‘வஜ்ரி’ என்றொரு பொருள் அங்கே கூட்டம் கூட்டமாக வைக்கப்பட்டுள்ளது. குளிக்கும்போது பாதத்தைத் தேய்ப்பதற்கான கருவி அது. அடிப்பகுதி சொரசொரப்பாக இருக்கும். மேற்பகுதியோ மயிலாகவும் யானையாகவும் மீனாகவும் வார்க்கப்பட்டிருக்கும். சிலவற்றின் உள்ளே சிறு மணிகள் இட்டிருப்பதால் தேய்க்கும்தோறும் ஒலி எழும். பிறர் கண்ணிற் படாத குளியலறையில், உடம்பின் கடைக்கோடியாகிய பாதத்துக்கென்று செய்த பொருளிலும் இத்துணை அழகு! பிறர் மெச்ச வேண்டும் என்பது இதன் நோக்கமாக இருந்திருக்க இயலாது. கையால் தொடும் பொருள் கண்ணுக்கும் இனிதாக இருத்தல் வேண்டும் என்ற வாழ்க்கைப் பழக்கமே இதற்குக் காரணமாகும்.

அழகு பயனுக்குப் புறம்பாக ஒட்டவைத்த அணி அன்று என்பதையும் இப்பொருள்கள் புலப்படுத்துகின்றன. நம் நாட்டுத் தூண்டாமணி விளக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் நடுவே அமர்ந்திருக்கும் பறவை வெறும் ஒப்பனை எனச் சிலர் கருதுவர். எண்ணெய் நிரம்பிய கலமே அப்பறவை. அகலில் எண்ணெய் குறைந்து துளையின் வாய் வெளிப்படும்போது, காற்று உள்ளே புகுந்து எண்ணெயைக் கீழே விடுகின்றது. மட்டம் உயர்ந்து துளை மூடியவுடன் ஒழுக்கு நின்றுவிடுகின்றது. காற்றழுத்தத்தைப் பற்றி நூல் கற்றிராத ஒருவர், அதன் இயல்பைக் கையால் அறிந்து, அவ்வறிவை ஒரு பறவையின் வயிற்றுக்குள் வைத்துவிட்டார். அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் இன்றும் காவிரிப் படுகையின் வண்டல் மண்ணால் அச்சமைத்துக் குத்துவிளக்கு வார்க்கும் கம்மியர், அத்தகைய பெயரறியாப் பெரியோரின் வழிவந்தவர்களே. நம் குத்துவிளக்குக்கு ஒப்பான மராட்டிய விளக்கைச் ‘சமயீ’ என்பர். இரண்டும் அருகருகே நின்றால் உடன்பிறந்தார் என்றே சொல்லத் தோன்றும்.

கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருளைக் கண்ட பின்பு, அதைச் செய்யும் கையையும் காண விழைபவர் கசபா பேட்டையிலுள்ள ‘தாம்பட் ஆளி’ என்னும் கன்னார் தெருவுக்குச் செல்லலாம். பேஷ்வாக்களின் காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்து குடியேறிய செப்புக் கம்மியர் வழியினர் அங்கே தொழில் செய்கின்றனர். முற்காலத்தில் வெந்நீர் காய்ச்சும் ‘பம்ப்’ என்னும் செப்புக் கொப்பரை அவர்கள் கைவண்ணத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றது. பாத்திரத்தின் மேனி முழுதும் வரிசை வரிசையாகச் சுத்தியலால் பதித்த சிறு குழிகள் மின்னுவதைக் காணலாம். அக்குழிகள் கண்ணுக்கு அணி, பாத்திரத்துக்கோ உறுதி. செம்பு மென்மையான உலோகம். அடிபட அடிபட இறுகும் இயல்புடையது. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் ஆயிரக்கணக்கான அடிகளை இறக்கும் கைக்குக் கணக்கும் தாளமும் பழகியிருக்க வேண்டும்.

நீர் மொள்ளும் கலத்தை மராட்டியர் ‘தாம்ப்யா’ என்பர். ‘தாம்பே’ என்றால் செம்பு. தமிழர் அதையே ‘செம்பு’ என்பர். வேறு வேறு மொழி பேசும் இரு மக்களும் கலத்துக்கு உலோகத்தின் பெயரையே இட்டனர். இன்று எஃகிலும் நெகிழியிலும் செய்த கலத்தையும் அப்பெயராலேயே அழைக்கின்றோம். பொருள் மாறிய பின்னும் சொல் பழைய வரலாற்றைச் சுமந்து நிற்கின்றது.

இனி, செவியாற் கேட்கும் கருவூலத்துக்கு வருவோம். நாம் திருகை என்றும் ஏந்திரம் என்றும் வழங்கும் கல்லை மராட்டியர் ‘ஜாத்தே’ என்பர். விடியுமுன் எழுந்து, அக்கல்லின் இருபுறமும் அமர்ந்து, அன்றைக்கு வேண்டிய மாவை அரைப்பது மகாராஷ்டிரச் சிற்றூர்ப் பெண்டிரின் வழக்கமாக இருந்தது. அரைக்கும்போது அவர்கள் பாடிய பாட்டுக்கு ‘ஓவி’ என்று பெயர். பிறந்த வீட்டின் நினைவு, அண்ணன் மீது கொண்ட அன்பு, மாமியார் வீட்டின் துயர், மழை, பயிர், பண்டரிபுரத்துக்குச் செல்லும் வழி என எல்லாம் அப்பாட்டுக்குப் பொருளாயின. பிற்காலத்தில் பாபாசாகேப் அம்பேத்கரைப் போற்றும் ஓவிகளும் பிறந்தன. எவரும் எழுதி வைக்காத இப்பாட்டுகளைத் திரட்டும் பணியை, 1980ஆம் ஆண்டுகளில் புனேயிலிருந்து தொடங்கியவர்கள் ஹேமா ராய்ர்கரும், பிரான்சு நாட்டில் பிறந்து இந்நகரில் வாழ்ந்த கீ புவாத்வாங்கும் ஆவர். அவர்களும் உடனுழைத்தவர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைத் தொகுத்தனர். ‘பாரி’ என்று சுருக்கமாக வழங்கும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் களஞ்சியம் அவற்றை 2017ஆம் ஆண்டு முதல் யாவரும் கேட்கும் வண்ணம் வெளியிடலாயிற்று.

அடுக்களைப் பாட்டுத்தானே என்று இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. புனேயை அடுத்த ஆளந்தியில் சமாதி கொண்ட ஞானேசுவரர், 1290ஆம் ஆண்டில் பகவத் கீதைக்கு மராட்டியில் பேருரை செய்தபோது எந்த யாப்பைக் கைக்கொண்டார்? வடமொழிச் சந்தங்கள் பல இருப்பவும், அவர் தேர்ந்தது ஓவியையே. முதல் மூன்று அடிகள் இயைபு பெற்று, நான்காம் அடி குறுகி முடியும் அவ்யாப்பு, மக்கள் வாயில் வழங்கிய பாட்டோடு உறவுடையது. மெய்ப்பொருளை எல்லார்க்கும் உணர்த்த விரும்பிய ஞானி, எல்லார் இல்லத்திலும் ஒலித்த இசையை நாடினார். நாமதேவர் வீட்டில் பணி செய்த சனாபாய்க்குத் திருகை சுற்ற விட்டலனே வந்து கை கொடுத்தான் என்று மராட்டிய மக்கள் சொல்லும் கதையும் இவ்வுணர்வினின்றே எழுந்ததாகும்.

தமிழர்க்கு இது புதிதன்று. நெல் குற்றும் மகளிர் பாடும் பாட்டை நம் இலக்கணத்தார் ‘வள்ளைப்பாட்டு’ என்று பெயரிட்டுப் போற்றினர். சிலப்பதிகாரம் அதற்கு இடமளித்தது. மணிவாசகப் பெருமானின் திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் என்பது சுண்ணம் இடிக்கும் மகளிர் பாட்டின் வடிவம். திருவம்மானை காய் எறிந்து விளையாடும் மகளிர் பாட்டின் வடிவம். திருப்பொன்னூசல் ஊஞ்சற் பாட்டின் வடிவம். உலக்கையும் ஊஞ்சலும் இல்லாதிருந்தால் இப்பதிகங்கள் இவ்வுருவிற் பிறந்திரா. உயர்ந்த இலக்கியம் என்று நாம் போற்றுவன பல, புழங்கு பொருளின் அருகிலிருந்து எழுந்தவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஓவிக்கும் தமிழ்நாட்டுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவினார். 1855ஆம் ஆண்டு வரை அவ்வரசு பெயரளவிலேனும் நிலைத்திருந்தது. அவர்களோடு தென்னாடு வந்த குடும்பங்கள் தம் மொழியையும் விளக்கையும் பாட்டையும் உடன்கொணர்ந்தன. மராட்டியக் கீர்த்தன மரபு தஞ்சை மண்ணில் தமிழிசையோடு கலந்து, கிருஷ்ண பாகவதர் போன்றோரின் கையில் கதாகாலட்சேபமாக மலர்ந்தது. சாகி, திண்டி, அபங்கம் ஆகியவற்றோடு ஓவியும் நம் பாகவதர்களின் வாயில் ஒலித்தது. ஆக, புனேக்கு வந்து வாழும் தமிழராகிய நமக்கு முன்பே, தமிழகம் சென்று வாழ்ந்த மராட்டியர் ஒரு வழியைக் காட்டியுள்ளனர். தம் வீட்டுக் கலையைக் கைவிடாமல் காத்ததனாலேயே அவர்களால் குடியேறிய நாட்டின் கலையை வளப்படுத்த முடிந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தலாகாது. திருகை சுற்றுதல் இனிய பொழுதுபோக்கு அன்று. அப்பாட்டுகளைப் பாடிய பெண்டிரே உறக்கமின்மையையும் கைவலியையும் பாட்டிலே சொல்லியிருக்கின்றனர். மின்விசையால் இயங்கும் மாவு ஆலை ஊருக்கு வந்தபோது அவர்கள் பெருமூச்செறிந்து மகிழ்ந்தது முறையே. செப்புக் கம்மியனும் விளக்கு வார்ப்பவனும் தம் கலைக்கேற்ற கூலியும் மதிப்பும் பெற்று வாழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. அவர்களுள் பலர் தம் மக்களை வேறு தொழிலுக்கு அனுப்பியதில் வியப்பில்லை. ஆகவே, பழைய பாரத்தை மீண்டும் தோளில் ஏற்றிக்கொள்க என்று கூறுவது நம் கருத்தன்று. பாரம் நீங்கட்டும், ஆனால் அப்பாரத்தினூடே விளைந்த அறிவும் அழகும் சொல்லும் பாட்டும் அதனோடு சேர்ந்து மறைய வேண்டுவதில்லை. பாட்டைத் திரட்டியோர் ஆலைக்கு எதிராக நின்றாரில்லை. அது வந்த பின்பு கல் ஓய்ந்திருக்கும் ஊர்களுக்குச் சென்று, நினைவிலிருந்த பாட்டைக் கேட்டுப் பதிந்தனர்.

கேல்கரின் முயற்சிக்கும் இதுவே அடிப்படை. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் உருக்கு விலை ஒன்று எப்போதும் உண்டு. எடைக்குப் போட்ட விளக்கு மறுநாள் உலையில் உருகிவிடும். அது எந்தக் கம்மியனின் கைப்பட்டது, எந்த மணமகளோடு சீராக வந்தது என்பதைப் பற்றி உலைக்கு அக்கறையில்லை. உருகு முன்னே தடுத்து வாங்க ஒருவர் இருந்ததனால் அன்றோ இருபதாயிரம் பொருள்கள் எஞ்சின? அரசரின் வாள் எப்படியும் எங்கேனும் காக்கப்பட்டிருக்கும். பாதம் தேய்க்கும் வஜ்ரியைக் காக்கக் கேல்கர் தேவைப்பட்டார்.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். தமிழகத்திலிருந்து புனேக்கும் மும்பைக்கும் தில்லிக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் வெண்கலப் பானை, ஈயச் செம்பு, சேவை நாழி, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழிப் பலகை, மரச்செப்பு ஆகியவற்றைத் தம்மோடு கொணர்ந்தன. பின்னர் எவர்சில்வர் வந்தது. பழைய பாத்திரத்தைக் கொடுத்துப் புதியதை வாங்குவது வழக்கமாயிற்று. இடநெருக்கடி மிக்க அடுக்கு மாடிக் குடியிருப்பில் கனத்த பாத்திரத்துக்கு இடமில்லை என்பதும் உண்மையே. எஞ்சியவை பரணில் உறங்குகின்றன. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் ‘தாம்ப்யா’ என்பதை அறிவர். ‘செம்பு’ என்றால் விழிப்போரும் உளர். ரங்கோளிப் பொடி விற்கும் கடையை அறிவர். புள்ளி வைத்து, அரிசி மாவால் இழை பிசகாமல் கோலமிடும் முறையை அறிந்தோர் குறைந்து வருகின்றனர். ஒன்றை அறிவது மற்றொன்றை மறப்பதற்குக் காரணமாக வேண்டுவதில்லை.

இதற்கு நாம் செய்யத்தக்கது பெரிய செலவு வேண்டாதது. பரணிலுள்ள பொருளை எடைக்குப் போடுமுன் ஒரு முறை கீழே இறக்குவோம். வீட்டிலுள்ள மூத்தோரிடம் அதன் பெயர் என்ன, எவர் கொடுத்தார், எந்த ஊரில் வாங்கியது, எதற்குப் பயன்பட்டது, அதை எவ்வாறு துலக்க வேண்டும் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். பாட்டிமாரின் தாலாட்டையும் நலுங்குப் பாட்டையும், இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் தொலைபேசியிலேயே பதிந்து வைக்கலாம். நாளடைவில் நம் தமிழ்ச் சங்கங்கள் இக்குறிப்புகளைத் திரட்டித் தொகுக்கலாம். விடுமுறை நாளில் பிள்ளைகளைச் சுக்ரவார் பேட்டைக்கும் கன்னார் தெருவுக்கும் அழைத்துச் செல்லலாம். மராட்டிய அண்டை வீட்டாரையும் உடன் அழைப்பது நன்று. அடகித்தாவைக் கண்டு அவர்களும், பாக்குவெட்டியைக் கண்டு நாமும் மகிழ்வதற்கு அது நல்ல வாய்ப்பாகும்.

முதியவர் ஒருவர் நினைவுடன் இருக்கும் வரையிலேதான் அவரிடம் கேட்க இயலும். பொருள் எஞ்சிப் பெயர் மறைந்துவிட்டால், அதைப் பேழைக்குள் வைத்தாலும் அது ஊமைப் பொருளே. கேல்கர் தம் வாழ்நாளில் எழுபது ஆண்டுகளை இப்பணிக்கு ஈந்தார். நாம் ஒரு மாலைப்பொழுதை ஈந்தால், நம் வீட்டுப் பொருள்களேனும் பேசும் நிலையில் அடுத்த தலைமுறையின் கைக்குச் செல்லும்.